பெரியப்பா பேசப் பேச மணி ஏழு முறை செத்தான்

நாய்க்குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தது என் மகள். அந்தப் பெயரில் ஒரு கோளாறு இருப்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

"மணி என்ன ஆச்சு?" என்று அப்பா கேட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து குட்டி துள்ளி வந்து அவர் முன்னால் நின்றது. "எட்டரை" என்றேன் நான். குட்டி அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒன்பதுக்கு இன்னொரு முறை, பத்துக்கு இன்னொரு முறை.

பெயர் என்பது நாய்க்கு அடையாளம் இல்லை, ஒரு வாக்குறுதி. அந்தச் சத்தம் கேட்டு வந்தால் ஏதோ நல்லது நடக்கும் என்றால்தான் வரும். வந்து வந்து ஏமாந்தால் அந்தச் சத்தத்தை மின்விசிறிச் சத்தம் மாதிரி எடுத்துக்கொள்ளும். இரண்டே வாரத்தில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. தொண்டை கிழிய "மணீ..." என்று கத்தினாலும் காது மடல்கூட அசையாது. அதனால் வீட்டில் எல்லாரும் "நேரம் என்ன?" என்று கேட்கத் தொடங்கினோம். அப்பா மட்டும் மசியவில்லை. "எழுபது வருஷமா மணி என்னன்னுதான்டா கேட்டுட்டு இருக்கேன். நாய்க்காக மாத்தணுமா?" என்றார். நியாயம்தான். இதற்குள் குட்டி 'அது'விலிருந்து 'அவன்' ஆகியிருந்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவனுக்குப் பத்து வாரம் ஆனபோது வித்தை பழக்குவது என்று முடிவு செய்தேன். அந்த வயதுக் குட்டியின் கவனம் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காது. ஐந்து நிமிடம் என்பது அதிகம். வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். 'உட்கார்' மிகச் சுலபம். துண்டை மூக்குக்கு நேரே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோனால் தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். கையைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கினால் குதிப்பான். முதல் நாள் நான் உயரமாகத்தான் தூக்கினேன். ஆகவே முதல் நாள் எங்கள் குட்டி குதிக்கக் கற்றுக்கொண்டான்.

அடுத்த பிரச்சினை நேரம். அதாவது, மணி. பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியிலேயே 'சபாஷ், இதுதான்' என்று அவனுக்குத் தெரியவேண்டும். நான் கிண்ணத்தில் கைவிட்டு, துண்டைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அவன் எழுந்து, ஒரு சுற்று சுற்றி, என் சட்டைப் பொத்தானைக் கடித்திருப்பான். பரிசு பொத்தானுக்குப் போய்ச் சேரும். இதற்குத்தான் 'டிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். டிக் என்றால் 'இப்போது செய்தாயே, அதற்கு ஒன்று உண்டு' என்று அர்த்தம். தீனி இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. என்னிடம் அந்தக் கருவி இல்லை. பால்பாயின்ட் பேனாவின் தலையை அமுக்கினேன். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அப்பா தினமும் குறுக்கெழுத்துப் போடுகிறவர், விடை தெரியாவிட்டால் பேனாவை டிக் டிக் என்று அமுக்குகிறவர். கஷ்டமான கட்டங்கள் வரும் நாட்களில் மணி அவர் காலடியிலேயே குடியிருந்தான்.

இடையில் வெளிக்கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன மணியைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் மூக்கால் இடித்து அடிக்கவேண்டும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். மணி மணி அடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம். அப்புறம்தான், அது 'அவசரம்' என்று சொல்லும் மணி இல்லை, 'கதவைத் திறக்க ஆள் வரும்' மணி என்று அவன் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. அணிலைப் பார்க்க அடித்தான். காற்று வாங்க அடித்தான். ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு அடித்து, நான் கதவைத் திறந்ததும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, சரி எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதுபோல் உள்ளே போய்ப் படுத்தான்.

காலுறையை எடுத்து வரும் வித்தையில் படுதோல்வி. எடுப்பான். பாதி தூரம் வருவான். அப்புறம் மெத்தையைச் சுரண்டி அதற்குள் புதைத்துவிட்டு மூக்கால் மண் தள்ளுவான், இல்லாத மண்ணை. இதற்காக அவன்மீது கோபப்பட்டதில் பிரயோசனம் இல்லை. கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் என்ற அமெரிக்கத் தம்பதி விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகச் செய்தவர்கள், உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்றவர்கள். நாணயத்தை எடுத்து உண்டியலில் போட அவர்கள் ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கு ஒன்றைப் பழக்கினார்கள். ஒரு நாணயம் என்றால் ஒருவழியாகப் போட்டது. இரண்டு கொடுத்ததும் கஞ்சன் மாதிரி இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. இரையைத் தேய்ப்பது அதன் பிறவிக் குணம். பன்றியும் அப்படியே, மரக்காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறிக்கொண்டிருந்ததாம். 1961-ல் இந்தத் தோல்விகளையே ஒரு கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் என் காலுறை எம்மாத்திரம்.

மகளுக்கு இந்தச் சமாதானங்கள் பிடிக்காது. "சேசர்னு ஒரு நாய் 1022 பொம்மையோட பேரைத் தெரிஞ்சு வச்சிருந்துதாம்ப்பா" என்பாள். உண்மைதான், ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஒருவர் மூன்று வருடம் உட்கார்ந்து பழக்கிய பார்டர் காலி நாய் அது. "நம்ம நாய்க்குத் தன் பேரே தெரியாதும்மா" என்றேன்.

இந்த நிலையில் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது 'டமால்'. விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி டமால் என்றால் மணி செத்து விழவேண்டும். படுக்கவைத்து, தீனியை மூக்கிலிருந்து தோள்பக்கமாகக் கொண்டுபோனால் உடம்பு ஒருபக்கமாகச் சாயும், அங்கே ஒரு டிக். தலை தரையைத் தொட்டால் இன்னொரு டிக். பத்து நாளில் பிரமாதமாகச் செத்தான். முதலில் முன்னங்கால் மடங்கும், அப்புறம் பக்கவாட்டில் தொப்பென்று விழுவான், கண்ணை மூடிக்கொள்வான். வால் மட்டும் சாகாது. அதைச் சாகடிக்க எங்களால் முடியவே இல்லை.

அந்த வாரம்தான் பெரியப்பா வந்தார்.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் வாயால் பாதியும் ஆட்காட்டி விரலால் மீதியும் பேசுகிறவர். விரலைக் கட்டிப்போட்டால் வாக்கியம் முடியாது. அன்றைக்குத் தன் மருமகன் கார் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வேலையாக இருந்தேன். "நான் அப்பவே சொன்னேன்!" என்று விரலை நீட்டும் குரல் கேட்டது. தொப்.

"பழைய வண்டி வாங்காதேன்னு!" தொப்.

இடையில் எழுந்து பரிசுக்காக அவர் முகத்தையே பார்த்திருக்கிறான். அவர் பார்க்கவில்லை, கதை முக்கியமான கட்டத்தில் இருந்தது. "கேட்டானா?" தொப். நான்காவது முறைதான் அவர் கீழே பார்த்திருக்கிறார். பேச்சு நின்றது. "டேய்... உன் நாய்க்கு வலிப்பு வருதுடா!" என்று அலறி, வேறு எதைக் காட்டுவது, நாயைத்தான் காட்டினார், விரலால். பாதி எழுந்தவன் மறுபடி விழுந்தான்.

நான் ஓடி வந்தபோது அவர் அறையின் ஒரு மூலையில் நின்று, "தண்ணி கொண்டா, தண்ணி!" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஆறு. "பெரியப்பா, ஒண்ணும் இல்லை, அது நடிக்குது" என்றேன். "எது? இதுவா?" என்றார். ஏழு.

விஷயத்தை விளக்கியதும் கொஞ்சம் ஆசுவாசப்பட்டார். "சரி, நீ செய்யச் சொல்லு பார்க்கலாம்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, ஒரு கையில் தம்ளர். அப்படியே கம்பீரமாக "டமால்!" என்றேன். மணி என்னை அன்போடு பார்த்துக்கொண்டு நின்றான். டமால், டமால் என்று நான் மூன்று முறை வெடித்தேன். உட்கார்ந்தான். கை கொடுத்தான். ஒருமுறை உருண்டுகூடப் பார்த்தான். சாகவில்லை.

பெரியப்பா போனதும் மகள் விசாரணையை எடுத்துக்கொண்டாள். விரலை நீட்டாமல் "டமால்" என்றாள், ஒன்றும் இல்லை. வாய் திறக்காமல் விரலை நீட்டினாள், செத்தான். விரலை நீட்டி "கணக்கு நோட்டு" என்றாள், அதற்கும் செத்தான். ஆக, பத்து நாளாக நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்ன டமால் அவன் காதிலேயே ஏறவில்லை.

இது பழைய வியாதி. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போட்டு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும் என்று பெயர் வாங்கியிருந்தது. ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்துப் பார்த்து 1907-ல் முடிவை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்கிறவரைப் பார்க்க முடியாதபோதும் அப்படியே. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தன்னையறியாமல் தலையை லேசாக அசைப்பார், குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். குதிரைக்குக் கணக்குத் தெரியாது, மனிதர்களைத் தெரியும். நாய்களுக்கு இது இன்னும் நன்றாக வரும். சொல்லையும் சைகையையும் ஒரே நேரத்தில் காட்டினால் பெரும்பாலும் சைகையைத்தான் பிடித்துக்கொள்ளும். சொல்லைப் பழக்க வேண்டுமானால் சொல்லை முதலில் சொல்லி, ஒரு நொடி பொறுத்து, அப்புறம் விரலை நீட்டவேண்டும். சொல் வந்தால் பின்னாலேயே விரல் வரும் என்று தெரிந்ததும் முந்திக்கொள்வான். முந்திக்கொண்டதும் விரலை எடுத்துவிடலாம்.

அது சுலபமாகவே நடந்தது. விரலுக்குச் சாவதை நிறுத்தத்தான் படாதபாடு. வெறும் விரலுக்கு விழுந்தால் பரிசு கிடையாது, யாரும் கண்டுகொள்ளக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், விடுவதற்கு முன்னால் பிராணிகள் பல நேரம் இன்னும் மும்முரமாகத்தான் முயன்று பார்க்கும். லிஃப்ட் வரவில்லை என்றால் நாம் பொத்தானைப் படபடவென்று அமுக்குவதில்லையா, அதேதான். மணியும் மும்முரமானான். சும்மா செத்துக்கொண்டிருந்தவன் முனகிச் செத்தான். நாலு காலையும் விறைத்துக்கொண்டு செத்தான். நான் பார்க்கவில்லை என்றால் எழுந்து, என் கண்ணுக்கு நேரே வந்து செத்தான்.

மூன்றாவது வாரமும் குறையவில்லை. என் கணக்குப்படி ஓய்ந்திருக்க வேண்டும். எங்கே தப்பு என்று கவனித்தால், என் மனைவி ரகசியமாக எப்போதாவது ஒரு துண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "பாவம், எவ்வளவு அழகா செத்தான் தெரியுமா?" என்றாள். இது ஒவ்வொரு முறையும் கொடுப்பதைவிட மோசம். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைக்கும் பரிசுக்குத்தான் பிராணிகள் விடாப்பிடியாக உழைக்கும், சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் ஆட்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது அதனால்தான். இதை அவளிடம் விளக்கினேன். விளக்கும்போது விரலை நீட்டிவிட்டேன்.

அதன் பிறகு யாரும் யாரையும் விரல் நீட்டிப் பேசுவதில்லை என்று தீர்மானம் ஆனது. சண்டை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு போட்டோம். அப்படிப் போட்டால் சண்டை அவ்வளவாகச் சூடு பிடிப்பதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு மாதத்தில் மணி விரலை மறந்தான். டமால் என்று சொன்னால் மட்டும் செத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா திரும்ப வந்தார். இந்த முறை நாய்க்கென்றே தீனிப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கூடவே தன் நண்பர் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். குசலம்கூட விசாரிக்கவில்லை. "இப்ப பாருங்க" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு மணிக்கு நேராக விரலை நீட்டினார்.

மணி அவரைப் பார்த்தான். நீட்டிய விரலைப் போய் ஒருமுறை முகர்ந்தான். அப்புறம் நேராகக் கதவுக்குப் போய் மணியை அடித்துவிட்டு, யாராவது வந்து திறப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.