மூன்றாவது நீலம்

ஆகஸ்டு 4

மூன்று வாரம் கழித்து இன்றுதான் மறுபடி புக்கிட் ஜாலில் நீச்சல் வளாகம், தண்ணீரில் குதிக்கும் பத்து மீட்டர் மேடை. மணிக்கட்டு தேவலாம், டேப்பை நாலு சுற்று சுற்றினால் தாங்குகிறது. தண்ணீரில் முதலில் மோதுவது உள்ளங்கைதான், அதுவும் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில், அதனால் எங்கள் கூட்டத்தில் மணிக்கட்டு வலிக்காத ஆளைப் பார்ப்பது கஷ்டம். 207சி என்கிற குதி மட்டும் வரவில்லை. தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று, எகிறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு மூன்றரைக் கரணம். போன மாதம் இதில்தான் சீக்கிரமே உடம்பை விரித்து முதுகில் அறை வாங்கினேன். குதிகால் இரண்டும் அந்தரத்தில் இருக்க, விளிம்பில் நின்றேன், நின்றேன், அப்புறம் படி வழியாகவே இறங்கிவிட்டேன். போட்டியாக இருந்தால் சுழியம்.

ஆகஸ்டு 6

பயிற்சி இல்லை. செந்தூல் அத்தை வந்திருந்தார். "இன்னும் நீச்சலுக்குத்தான் போறியாம்மா?" நீச்சல் இல்லை அத்தை, மேலேயிருந்து குதிக்கிறது என்றால், "குதிச்சு?" என்கிறார். பண்டலேலா ரினோங் பெயரைச் சொன்னதும்தான் முகம் தெளிந்தது. சரவாக்கில் பாவ் ஊர்க்காரர், 2012 லண்டனில் பத்து மீட்டரில் வெண்கலம், ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் மலேசியப் பெண். "அந்தப் புள்ளை மாதிரியா?" என்று கேட்டார். முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு தப்பித்தேன்.

ஆகஸ்டு 9

அந்த வெண்கலம் இதே தேதியில்தான். 2016இல் ரியோவில் சோங் ஜுன் ஹூங்குடன் சேர்ந்து வாங்கிய வெள்ளியும் ஆகஸ்டு 9தான், குளத்துத் தண்ணீர் திடீரென்று பச்சையாகிப்போன அன்று. காலையில் பேருந்தில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், ஏனென்றால் சுழலும்போது எனக்கு நிறம்தான் கணக்கு: நீலம், கூரை, நீலம், கூரை, நீலம். மூன்றாவது நீலத்தில் சுருண்ட உடம்பு பிரிய வேண்டும். மொத்தமே ஒன்றரை விநாடி. பச்சையில் நான் என்னத்தை எண்ணியிருப்பேனோ!

கோச் கீழேயிருந்து குரல் கொடுப்பதாகச் சொன்னார். எகிறினேன். இரண்டாவது நீலத்திலேயே உடம்பு பிரியத் துடித்தது, தாடையை இறுக்கிக்கொண்டேன், "ஹப்!" என்று கேட்டதும் விட்டேன். கை சரியாகத்தான் இறங்கியது, கால் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சுற்றிப்போய் மூன்று மீட்டர் பலகையில் நின்ற பொடிசுகள் மேலெல்லாம் தண்ணீர். முதுகு வலிக்கவில்லை.

கோச் சிரிக்கக்கூட இல்லை. ஒரு விரலைத் தூக்கி, "செக்காலி லாகி" என்றார், மலாயில் இன்னொரு தடவை. துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துக்கொண்டு மறுபடி படி ஏறினேன்.