இறப்பு நேர்ந்தால் தவிர

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன் என்றால் ஏதோ இலக்கியம் பண்ணுகிறவன் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என் பிழைப்பு சான்றிதழ்களில் ஓடுகிறது. பிறப்பு, கல்யாணம், இறப்பு. இங்கே கொடுக்கும் தமிழ்த் தாளைப் பிரெஞ்சில் ஆக்கி முத்திரை வைத்தால், அது பிரான்சில் நாந்த் நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போகும். சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டுப் பென்ஷன் விவகாரங்கள்தான் அதிகம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்யலாம்.

2017-இல் சென்னையிலிருந்து சில வக்கீல்கள் கூப்பிட்டார்கள். ஹிசேன் ஹாப்ரே வழக்கைப் பற்றிச் சட்ட மாணவர்களுக்குத் தமிழில் ஒரு தொகுப்பு வேண்டும், தாள்கள் எல்லாம் பிரெஞ்சில் இருக்கின்றன என்றார்கள். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சாட் நாடு ஆப்பிரிக்காவில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. சரி, நாற்பது பக்கம்தானே, இரண்டு வாரம் போதும் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் ஆயிற்று.

ஹாப்ரே 1982-இல் சாட் நாட்டின் ஆட்சியைப் பிடித்தவர். லிபியாவின் கடாபிக்கு எதிரி என்பதால் அமெரிக்காவும் பிரான்சும் அவரைத் தாங்கிப் பிடித்தன. 1990 டிசம்பரில் இத்ரீஸ் தேபி விரட்டியடிக்க, செனகலுக்கு ஓடிப்போய் டக்காரில் குடியேறினார். அவர் ஆட்சியில் செத்தவர்கள் சுமார் 40,000 பேர் இருக்கலாம் என்று சாட் அரசின் விசாரணைக் குழு 1992-இல் சொன்னது.

முதல் பக்கத்திலேயே இடித்தது. அவருடைய ரகசியப் போலீசுக்கு 1983-இல் வைத்த பெயர் 'ஆவணம் மற்றும் பாதுகாப்பு இயக்குநரகம்'. இது யாருக்குப் புரியும் என்று நினைத்து, நானாகவே 'ரகசியப் போலீஸ்' என்று போட்டுவிட்டேன். என் வேலையைப் பார்த்துத் திருத்துகிறவர் ஒரு ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை. எங்களுக்கெல்லாம் அவர் மதாம். சிவப்பு மையில் சுழித்து அனுப்பிவிட்டு போன் செய்தார்.

"தம்பி, அவன் ஆவணம்னு எழுதியிருக்கான். அவனுக்காக நீ ஏன் உண்மையைச் சொல்ற?"

அதற்கப்புறம்தான் அந்த வழக்கையே ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த இயக்குநரகம் பெயருக்கேற்றபடி ஆவணம் எழுதியிருக்கிறது. பிடித்தவன் பெயர், பிடித்த தேதி, விசாரணை, சாவு எல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஹாப்ரே ஓடியபோது அதை எரிக்க யாருக்கும் தோன்றவில்லை. 2001-இல் தலைநகர் என்ஜாமெனாவில் பாழாய்க் கிடந்த அந்த அலுவலகத்துக்குள் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்கிற மனித உரிமை அமைப்பின் ரீட் பிராடியும் அவருடைய சகாவும் நுழைந்தார்கள். தரையெல்லாம் ஆயிரக்கணக்கில் தாள் சிதறிக் கிடந்திருக்கிறது. பிறகு புள்ளியியல்காரர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். சித்திரவதைக்கோ சிறைக்கோ ஆளானவர்கள், செத்தவர்கள் என்று 12,321 பேரின் பெயர்கள். அதில் காவலில் செத்தவர்கள் 1,208. தனித்தனியாக 898 கைதிகளைப் பற்றி ஹாப்ரேவுக்கு நேரடியாகப் போன தகவல்கள் மட்டும் 1,265. எனக்குத் தெரியாது என்று பிற்பாடு சொல்ல வழியே இல்லை. குமாஸ்தாவின் ஒழுக்கம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

அந்தத் தாள்கட்டுக்குள் என்னைப் பாடாய்ப்படுத்தியது ஒற்றை வரிதான். போர்க்கைதிகள் சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் எழுதியிருக்கிறது. அதே தாளில் கையால் ஒரு குறிப்பு: இனிமேல் எந்தப் போர்க்கைதியும் சிறையை விட்டு வெளியேறக் கூடாது, தெசே நேர்ந்தால் தவிர. அது ஹாப்ரேவின் கையெழுத்துதான் என்று கனடாவைச் சேர்ந்த நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் உறுதி செய்தார்.

தெசே என்கிற பிரெஞ்சுச் சொல் வந்த அந்தக் கடைசித் துண்டை 'செத்தால் பிணமாகப் போகலாம்' என்று எழுதினேன். எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. மதாம் மறுபடியும் சுழித்தார். "தெசேங்கறது சாவு இல்ல தம்பி. நீ தினமும் சர்டிபிகேட்ல போடற வார்த்தை."

ஆமாம். இறப்புச் சான்றிதழின் தலைப்பில் நான் இருபது வருஷமாகத் தட்டச்சு செய்துவரும் அதே சொல். கோபமும் கிடையாது, துக்கமும் கிடையாது. அலுவலக விதிக்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான். 'இறப்பு நேர்ந்தால் தவிர' என்று மாற்றினேன். அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

வழக்கு இழுத்த கதையைச் சொன்னால் நம்ம ஊர் சிவில் கேஸ் தோற்றுவிடும். சுலேமான் கெங்கெங் என்கிற கணக்கர், சிறையிலிருந்து உயிரோடு வந்தால் இதைச் சொல்லியே தீருவேன் என்று சபதம் செய்து, வெளியே வந்ததும் 792 பேரின் வாக்குமூலங்களைச் சேர்த்து வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். 2000-இல் டக்காரில் புகார் கொடுத்தார்கள். எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றன செனகல் நீதிமன்றங்கள். பெல்ஜியம் 2005-இல் பிடிவாரண்ட் போட்டது, செனகல் ஆளைக் கொடுக்கவில்லை. விசாரி, இல்லையென்றால் ஒப்படை என்று 2012-இல் ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் சொன்ன பிறகுதான், ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து செனகல் தனி நீதிமன்றம் அமைத்தது. பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல் ஜாக்லின் முதெய்னா இதற்கு நடுவே என்ஜாமெனாவில் கையெறி குண்டில் காயம்பட்டார். எனக்கென்னவோ வக்கீல்களைவிட அந்தக் கணக்கர்மேல்தான் மரியாதை அதிகம். தாளின் அருமை தெரிந்தவர்.

2015-இல் விசாரணை தொடங்கியபோது ஹாப்ரே வரமாட்டேன் என்று அடம்பிடிக்க, காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. 93 சாட்சிகள் பேசினார்கள், அவர் வாயே திறக்கவில்லை. 2016 மே 30-இல் ஆயுள் தண்டனை. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. 7,396 பேருக்குச் சுமார் 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் (அந்தப் பக்கத்து ஆப்பிரிக்க நாடுகளின் நாணயம்) இழப்பீடு என்றும் தீர்ப்பானது.

தொகுப்பை முடித்துக் கொடுத்தேன். பழையபடி சான்றிதழுக்குத் திரும்பினேன். 2021 ஆகஸ்டில் கொரோனா வந்து டக்காரில் ஹாப்ரே இறந்துபோனார் என்று செய்தி பார்த்தேன். அதுவரை இழப்பீட்டில் ஒரு பிராங்க்கூட யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. மதாமுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "தெசே போட்டாச்சா?"