கிலி ஆயரில் சும்மா இருந்த நாள்கள்

இந்தோனேசியாவின் லோம்போக் தீவுக்கு வடமேற்கே மூன்று குட்டித் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் பெரியது கிலி திராவாங்கன். விடிய விடியப் பாட்டும் கூத்தும் வேண்டும் என்பவர்கள் அங்கே இறங்கிவிடுவார்கள். நடுவில் இருக்கும் மேனோ தேனிலவு ஜோடிகளுக்கு. லோம்போக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயரைப் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பாலியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஆஸ்திரேலியப் பையன், "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் போகிறேன் என்றேன்.

பாலியின் படாங்பாய் துறையிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீவில் இறக்கிவிடுவார்கள். கையில் காசு குறைவாகவும் நேரம் தாராளமாகவும் இருந்ததால் நான் லோம்போக்கின் லெம்பார் துறைக்குப் போகும் பெரிய ஃபெர்ரியைப் பிடித்தேன். நான்கைந்து மணி நேரப் பயணம். லாரிகள் கீழே, நாம் மேலே. இலைப் பொட்டலத்தில் சோறு விற்கும் பெண்கள் கப்பல் கிளம்பும் கடைசி நிமிடம் வரை சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அந்த நீரிணையைக் கடப்பதற்காகவே மெதுவான கப்பலில் போகலாம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் ஆழம் அதிகம். பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கியபோது பாலி ஆசிய நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. லோம்போக்கோ நீருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. 1856இல் இந்த வழியாக வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், பாலியில் பார்த்த பல பறவைகள் லோம்போக்கில் இல்லை என்பதையும், பாலியில் இல்லாத வெள்ளைக் கொண்டைக்கிளி லோம்போக்கில் பறப்பதையும் குறித்துக்கொண்டார். ஆசிய விலங்குகளின் எல்லையாக இன்று வரைபடங்களில் போடும் வாலஸ் கோடு இந்தத் தண்ணீரின் மேல்தான் ஓடுகிறது. எனக்குக் கிளி எதுவும் தட்டுப்படவில்லை. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு இறங்கும் நீர் கப்பலை ஒரு பக்கமாகத் தள்ளுவது மட்டும் மேல்தளத்தில் நின்றாலே தெரிந்தது.

லெம்பாரிலிருந்து மலைப்பாதை, சாலையோரம் நிறையக் குரங்குகள், அப்புறம் பாங்சால் துறை. பொதுப் படகுக்கு நேரம் கிடையாது, ஆள் சேர்ந்தால் கிளம்பும். முட்டை அட்டைகள், கேஸ் சிலிண்டர், ஒரு மூட்டை வெங்காயம், இவற்றுக்கு நடுவே என் பை, அதன் மேல் நான். கால் மணி நேரத்தில் ஆயர்.

தீவில் மோட்டார் வண்டி இல்லை. சைக்கிள், இல்லாவிட்டால் சிதோமோ என்கிற குதிரை வண்டி. குதிரைகள் கழுத்து மணியோடு வெயிலில் ஓடுவதைப் பார்த்தபின் அதில் ஏற மனசு வரவில்லை. குடிக்க அவற்றுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை என்று ரொம்ப நாளாகவே புகார் உண்டு. தீவு முழுக்கச் சமதரை, கரையோரமாகச் சுற்றிவந்தாலே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு வண்டி எதற்கு?

கடற்கரை விடுதிகளை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் இபு என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் இந்தியா என்றதும் அவர் தலையை ஆட்டி "அச்சா, அச்சா" என்றார். இந்தோனேசியா முழுக்க இந்த வரவேற்பு கிடைக்கிறது. எனக்கு இந்தி வராது என்பதை எந்த மொழியிலும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. குளியலறைத் தண்ணீர் உப்புக் கரித்தது. தலைமுடி முதல் நாளே கயிறாகிவிட்டது.

விடிவதற்கு முன் பள்ளிவாசலில் பாங்கு, உடனே சேவல்கள். மீண்டும் தூங்க முடியாது, ஆனால் அவசரமாக எழுந்து செய்ய எந்த வேலையும் கிடையாது. இபு காபி கொண்டுவருவார். கண்ணாடித் தம்ளரில் காபித்தூளையும் சர்க்கரையையும் போட்டு மேலே கொதிநீர் ஊற்றுவார், அவ்வளவுதான். வடிகட்டுவதில்லை. மேலே மிதக்கும் தூள் நனைந்து, கனத்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். அது அடங்கும்வரை தம்ளரைத் தொடக்கூடாது. அவசரப்பட்டால் வாயெல்லாம் மண். ஃபில்டர் காபியில் வளர்ந்த நாக்குக்கு முதலில் ஒப்பவில்லை, நான்கு நாளில் பழகிவிட்டது. கூடவே வாழைப்பழ பான்கேக். தென்கிழக்கு ஆசியாவில் முதுகுப்பையோடு திரிகிற எல்லோருக்கும் விதிக்கப்பட்ட காலை உணவு அது. அடுத்தடுத்த நாள்களில் வீட்டுக்குச் செய்கிற வறுத்த சோற்றையே எனக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

பகல் பொழுதைக் கடல்தான் தீர்மானிக்கும். தண்ணீர் வற்றினால் கிழக்குக் கரையில் முழங்கால் ஆழம்கூட இருக்காது, உடைந்த பவளம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கவே கூடாது. ஏற்றம் வந்ததும் எல்லோரும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாகக் கிளம்புவார்கள். தீவுகளுக்கு இடையே ஓடும் நீரோட்டம் லேசுப்பட்டதில்லை. அது வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்று முதலில் பார்த்து, வருகிற பக்கமாகக் கரையில் நடந்துபோய் இறங்கிவிட்டால் போதும். கைகாலை அசைக்காமலே அது நம்மைக் கொண்டுபோகும். ஆளைப் பார்க்காமல் போகிற படகுகளுக்காக மட்டும் அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆமைகளைத் தேடி அலையவே தேவையில்லை. கடற்புல் மேல் ஒரு பச்சை ஆமை முன் துடுப்புகளை ஊன்றிப் படுத்து மேய்ந்துகொண்டிருந்தது. அலகால் புல்லைக் கவ்வி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். வேரோடு மணல் கிளம்பிப் புகையாய்ப் பரவும், அதற்குள் குட்டி மீன்கள் பாயும். ஓட்டின் பின்பக்கம் வெள்ளை வெள்ளையாய்ச் சிப்பிப் பொருக்கு. நான் மேலே மிதந்துகொண்டிருப்பதை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நேராக மேலே வந்து, எனக்கு ஒரு கை தூரத்தில் தலையை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மீண்டும் புல்லுக்கே போய்விட்டது. இதைப் பார்த்தும் கையை நீட்டித் தொடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கரையேற்றி உட்காரவைக்க ஓர் ஆள் போட்டால் நன்றாக இருக்கும்.

மேனோ அருகே கடலுக்கடியில் 48 ஆளுயரச் சிலைகள் வட்டமாக நிற்கின்றன. 2017இல் ஜேசன் டிகேய்ர்ஸ் டெய்லர் என்ற சிற்பி செய்தவை, பவளம் பற்றி வளர வேண்டும் என்பதற்காக. கூட்டுப் படகில் போய்ப் பார்த்தேன். சிலைகளைவிட மேலே செல்ஃபி குச்சியோடு மிதந்தவர்கள் அதிகம். ஆமையே தேவலை.

மதியச் சாப்பாடு வாருங்கில், அதாவது நான்கு பெஞ்சு போட்ட சாப்பாட்டுக் கடையில். சோறு, தெம்பே என்கிற புளித்த சோயா வில்லை, அப்புறம் லோம்போக்கின் ப்ளெச்சிங் கங்குங். வள்ளைக் கீரையைத் தண்டோடு வேகவைத்துப் பிழிந்து, மிளகாய், தக்காளி, புளித்த இறால் விழுது இடித்த சம்பாலை மேலே தளதளவென்று போடுவார்கள். காரம் நமக்குப் பழகியதுதானே என்ற மிதப்பில் சம்பாலை இன்னும் கொஞ்சம் கேட்டேன். கடைக்காரப் பெண் அடுக்களையில் இருந்தவரைக் கூப்பிட்டு வேடிக்கை பார்க்க வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தாலும் தட்டைக் காலி செய்துவிட்டேன்.

வெயில் தாழும்வரை திண்ணையில் கிடப்பேன். ஒருநாள் இபுவின் மகள் படகு வடிவத்தில் ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக்கு ஏழு குழி. அட, பல்லாங்குழி! அவர்கள் அதைச் சோங்க்லாக் என்கிறார்கள். இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, சுற்றிவரும்போது நம் குழியில் ஒரு சோழி போட்டுக்கொள்ள வேண்டும். கடைசிச் சோழி அதிலேயே விழுந்தால் இன்னொரு ஆட்டம். குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று அள்ளுகிற வேலை இங்கே கிடையாது. என் கை போகும், அவள் புறங்கையில் ஒன்று வைப்பாள். ஒருமுறைகூட என்னை ஜெயிக்க விடவில்லை.

அப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான், சுவரில் பூசி மூடியிருந்த விரிசலைக் காட்டி 2018 பற்றிச் சொன்னார் இபு. ஆகஸ்ட் 5, இரவு எட்டு மணிக்குச் சற்று முன். 6.9 அளவு நிலநடுக்கம். லோம்போக்கில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சுனாமி எச்சரிக்கை வந்தபோது ஏறி நிற்க திராவாங்கனில் ஒரு குன்றாவது இருக்கிறது, ஆயரில் அதுவும் இல்லை. மறுநாள் ஆயிரக்கணக்கான பயணிகள் படகுக்கு முண்டியடித்தார்கள். எல்லோரும் போனபின் தென்னைகளுக்கிடையே தார்ப்பாய் கட்டி மாதக்கணக்கில் அங்கேயே இருந்ததாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மகளைப் பார்த்து, "உன் முறை, போடு" என்றார்.

சாயங்காலம் மேற்குக் கரை. கடலுக்குள் ஊஞ்சல் கட்டி, அதில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை நிற்கும். வரிசைக்கு அப்பால் பாலியின் ஆகுங் எரிமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். எதிர்ப்பக்கம் திரும்பினால் லோம்போக்கின் ரிஞ்சானி, 3,726 மீட்டர், பெரும்பாலும் மேகத்துக்குள். அடுத்து அதில் ஏறலாம் என்று வந்த புதிதில் நினைத்திருந்தேன். நாளாக ஆக அந்த எண்ணம் தானாகக் கரைந்துவிட்டது.

இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் தரும் விசா 30 நாள், ஐந்து லட்சம் ரூப்பியா. அது தீர்ந்துகொண்டிருந்ததால் கிளம்பித்தான் ஆகவேண்டும். காலையில் சந்தைக்குப் போகிறவர்களால் படகு சீக்கிரம் நிறையும் என்று இபுவே சொன்னார், அவரும் அதே படகில் கூடையோடு ஏறினார். பாங்சாலில் இறங்கியதும் ஒரு கார்க்காரர் என்னிடம் விமான நிலையத்துக்கு ஒரு விலை சொன்னார். இபு கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் லோம்போக்காரர்களின் சாசாக் மொழியில் ஏதோ கேட்டார். விலை பாதியானது. கூடையையும் சந்தைவரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.