யார்டு கேட்டில் எழுதிய தரத் திட்டம்

மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு வண்டி வரத்துப் போக்கைப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை, ஆறு பேர். தரக் கட்டுப்பாட்டுத் திட்டம் என் பொறுப்பு.

மென்பொருள் சோதனை ஆவணங்களை எப்படி எழுதுவது என்று சொல்லும், 1983இல் முதலில் வெளியான ஐஇஇஇ 829 தரநிலையின் தலைப்புகளை வைத்து 22 பக்கம் எழுதினேன். தலைப்புகள் எல்லாம் இருந்தன. எதை முதலில் சோதிப்பது என்பது மட்டும் இல்லை. டெவலப்பர்கள் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அவர்கள்மேல் தவறில்லை.

பிறகு இரண்டு இரவுகள் யார்டு கேட்டில் உட்கார்ந்தேன். எண்ணூர்ப் பக்கமிருந்து டிரெய்லர்கள் வரிசையாக வந்து நின்றன. கேட் எழுத்தர் டார்ச் அடித்துக் கண்டெய்னர் கதவில் உள்ள எண்ணைப் படித்துப் பேரேட்டில் எழுதுவார். துருவேறிய கதவில் 3 எது, 8 எது என்று எனக்குத் தெரியவில்லை. "ஓர் இலக்கம் மாறினால் போதும் அம்மா, விடியும்வரை பெட்டியைத் தேட வேண்டியதுதான்" என்றார். என் திட்டத்தின் முதல் வரி எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அந்த எண்ணுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. கண்டெய்னர்களுக்கு எண்ணிடும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6346 முறைப்படி நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. முதல் பத்தையும் 1, 2, 4, 8 என இரட்டித்துப் போகும் எண்களால் வரிசையாகப் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0 என்று எழுதுவார்கள். தவறு நழுவும் இடம் அதுதான். மீதி 0 வர வேண்டிய எண்ணைத் தப்பாகப் படித்து 10 வந்தாலும், கணக்கு சரி என்றே சொல்லிவிடும். ஆகவே வருகைப் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும் என்று சேர்த்தேன்.

புதிய திட்டம் நான்கே பக்கம். எந்தப் பிழை யார்டை அதிகம் அலைக்கழிக்குமோ, அதற்கான சோதனை முதலில். அறிக்கையின் அழகு கடைசியில். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படிக்காமல் சேர்க்கக் கூடாது. எந்தச் சோதனை தோற்றால் வெளியீடு நிற்கும் என்பதையும் எழுதி, யார்டு மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அந்தக் கையெழுத்துதான் கைகொடுத்தது. அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே சிக்னல் போய்விடும். திரும்பி வந்ததும் சில பதிவுகள் இரண்டிரண்டாக ஏறின. சொன்ன தேதியில் கொடுத்துவிடலாம் என்றார் எங்கள் மேலாளர். கையெழுத்திட்ட பக்கத்தை அவர் முன் வைத்தேன். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது.

திருத்திய பிறகு கேட்டிலேயே சோதித்தோம். டேப்லெட்டின் இணைப்பைத் துண்டித்து இருபது வண்டிகளைப் பதிந்து, மீண்டும் இணைத்தோம். எழுத்தர் பேரேட்டில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். திரையிலும் இருபதுதான் இருந்தது.