தங்கை மகளுக்கு ஒன்பது சீர்த்தட்டுகள்

குடியாத்தத்தில் பிறந்தவர்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் வைகாசி முதல் நாளன்று ஊருக்கு வந்துவிடுவார்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றுதான். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசு, மாலைகளுக்கும் உடைபடும் தேங்காய்களுக்கும் நடுவே மெல்ல நகர்ந்து வந்து, கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்தப்படும் வரை ஊரில் வேறு வேலை நடக்காது. ஆரணியிலிருந்து பெரியம்மாவும், ஆற்காட்டிலிருந்து அத்தையும், அணைக்கட்டுப் பக்கமிருந்து சித்தப்பா குடும்பமும் எங்கள் வீட்டில் ஒன்றாகக் கூடுவதும் ஆண்டுக்கு அந்த ஒரு முறைதான். 2025இல் சிரசு வியாழக்கிழமை வந்தது. வந்தவர்கள் அனைவரையும் ஞாயிற்றுக்கிழமை வரை தங்கும்படி கேட்டுக்கொண்டேன். 2025 மே 8ஆம் தேதி வெளியான பிளஸ் டூ தேர்வு முடிவில் என் தங்கை மகள் 600க்கு 412 மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தாள். அவளுக்கு ஒரு விழா எடுப்பது என்று முடிவு வந்த அன்றே நான் தீர்மானித்துவிட்டேன்.

"பாஸானதுக்கெல்லாம் விழாவாப்பா?" என்று பெரியம்மா கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. காதுகுத்துக்குக் கூடுவோம், நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் கூடுவோம், கருமாதிக்குக் கூடுவோம். இதே பெண் பெரியவளானபோது, 2020 தை மாதத்தில், மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, தெருமுனையில் அவள் படம் போட்ட பேனர் கட்டி, தாய்மாமன் என்ற முறையில் நான் இருபத்தொரு தட்டு வைத்து மேளத்தோடு சீர் கொண்டுபோனேன். அதற்காக வாங்கிய கடனை இரண்டு ஆண்டுகள் கட்டினேன். அந்தக் கடனைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவளாக முயன்று செய்யாத ஒன்றுக்கு இருபத்தொரு தட்டு வைத்த மாமன், அவள் இரவும் பகலும் உட்கார்ந்து உழைத்து முடித்த ஒன்றுக்கு வெறும் இனிப்புப் பெட்டியோடு போய் நிற்பது எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது என் தங்கையைப் பற்றியது.

என் தங்கை 1999இல் பத்தாம் வகுப்பு எழுதினாள். அப்போது நைனா, எங்கள் அப்பா, குழித்தறியில் கைலி நெய்துகொண்டிருந்தார். விசைத்தறி பெருகிக் கைத்தறிக் கூலி தேய்ந்துவந்த காலம் அது. நான் கல்லூரியில் முதல் ஆண்டை முடித்திருந்தேன். வீட்டில் ஒருவருக்குத்தான் பணம் கட்ட முடியும் என்ற நிலை வந்தபோது, அது யார் என்று எவரும் பேசி முடிவெடுக்கவில்லை, பேசாமலே முடிவாகிவிட்டது. ஜூன் மாதத்தில் தோழிகள் பதினோராம் வகுப்புக்குப் போனார்கள், அவள் அம்மாவின் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்தாள். இலையை ஊறவைத்து, தகர அச்சை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு சேர்க்கும் அந்தப் பீடி வேலையை அவள் இன்றும் செய்கிறாள். இலை அறுத்து அறுத்து அவளுடைய வலது கட்டைவிரலின் உட்பக்கம் மாட்டுத்தோல் போலக் காய்த்துப்போயிருக்கிறது. தன் மகளை மட்டும் முறத்தைத் தொட விட்டதில்லை. பள்ளி விட்டு வந்த பெண் உதவிக்குக் கை நீட்டினால், "போய்ப் புத்தகத்தை எடு" என்று விரட்டிவிடுவாள்.

முடிவு வந்த பிறகு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க முதல் பட்டதாரிச் சான்றிதழ் தேவைப்பட்டது. தங்கை மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அவளுக்குப் பொருந்தாது. ஆகவே கல்விக் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி என்ற வழிதான் இருந்தது. பெற்றோரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஒரு அலுவலகத்தில் தங்கையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கொளுத்தும் வெயிலில் அந்தப் படிகளை ஏறி இறங்கியது எனக்கு இன்றும் ஆறவில்லை. மூன்றாம் முறை போவதற்காக வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியைத் திறந்து தேடியபோது, மாற்றுச் சான்றிதழுக்கு அடியில் தங்கையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. 500க்கு 391. கணக்கில் மட்டும் 94. "மாமா, அம்மா என்னைவிட அதிகம்" என்று பெண் மெதுவாகச் சொன்னாள். பிளஸ் டூவில் அவளுடைய கணக்கு மதிப்பெண் 83.

பட்டியலோடு நான்காக மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அது பதினோராம் வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம். அதை வாங்கிவந்து கொடுத்தவன் நான்தான் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, விரும்பும் பாடப்பிரிவு என்று எல்லாக் கட்டங்களையும் தங்கை நீல மையில், கோடு தாண்டாத எழுத்தில் நிரப்பியிருந்தாள். பெற்றோர் கையொப்பம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விழா. எங்கள் வீட்டில் வெள்ளியும் சனியும் கவிச்சி சேர்க்க மாட்டார்கள் என்பதால், அந்த இரண்டு நாள் ஆசையையும் சேர்த்து அன்று வைத்துக்கொண்டார்கள். சித்தப்பா இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். அந்தக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, தம் சொந்தப் பிள்ளைக்கு விருது வந்ததைப் போல அதைப் பற்றிப் பேசுவார். சீரகச் சம்பாவில் ஆம்பூர்ப் பக்குவத்தில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போட்ட பிரியாணி விறகடுப்பில் தம்மில் இருக்க, பக்கத்து அடுப்பில் அந்தக் கத்திரிக்காய் புளியோடு எண்ணெய் பிரிந்துகொண்டிருந்தது. அத்தை ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா கொண்டுவந்திருந்தார். பேனர் வேண்டாம் என்று பெண் கேட்டுக்கொண்டதால் கட்டவில்லை.

என் வீட்டிலிருந்து தங்கை வீடு மூன்றாவது தெரு. நானும் என் மனைவியும் பிள்ளைகளும் ஒன்பது தட்டுகளைக் கையில் ஏந்தி நடந்தோம். முதல் மூன்றில் வழக்கம் போல வெற்றிலை பாக்கு, பழம், பூ. நான்காவதில் அவளுக்கு இரண்டு சுடிதார் துணி. ஐந்தாவதில் கைக்கடிகாரம். ஆறாவதில் வரைபடக் கருவிப் பெட்டியும் அறிவியல் கால்குலேட்டரும். ஏழாவதில் ஆங்கிலத் தமிழ் அகராதி. எட்டாவதில் கல்லூரிக்குக் கொண்டுபோகப் பையும் மழைக்குக் குடையும். ஒன்பதாவது தட்டில் என் தங்கைக்கு ஒரு பட்டுப்புடவை. தெருவில் நின்றிருந்த கிழவி ஒருவர், "இன்னா சீருப்பா இது? பொண்ணுக்கு நிச்சயமா?" என்று கேட்டார். "இல்ல ஆயா, பன்னெண்டாவது முடிச்சுட்டா" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தட்டிலிருந்த அகராதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்குள் பெண்ணை மனையில் உட்காரவைத்தோம். முன்கூட்டியே நான் உறவினர் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன்: பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை, பெரியப்பா பேரன் எத்தனை என்ற பேச்சை யாரும் அன்று எடுக்கக் கூடாது. தனியார் பள்ளிகள் 590, 595 என்று பேனர் கட்டியிருந்த வாரம் அது. 412 என்பது அந்தப் பேனர்களுக்கு எதிரே சிறிதாகத் தெரியலாம். ஆனால் பீடித் தூளின் நெடி குறையாத ஒற்றை அறையில், பத்து மணிக்கு மேல் பாட்டி தூங்குவதற்காக விளக்கை அணைத்துவிட்டு வாசல் விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்து, டியூஷன் இல்லாமல் எடுத்த மதிப்பெண் அது. என்னைப் பொறுத்தவரை அதில் ஒரு மதிப்பெண்ணும் குறைவில்லை. சொந்தக்காரர்களும் வேண்டுகோளை மதித்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், இனிமேல் செலவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக் கட்டணம் கழிந்துவிடும் என்பதையும், புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டிருப்பதால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும் என்பதையும் மச்சான் விளக்கினார். லாரி ஓட்டும் அந்த மனிதர் இவ்வளவு விவரத்தையும் யாரிடமெல்லாம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார் என்று நினைத்தபோது அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆசீர்வாதம் செய்ய நைனாவை அழைத்தோம். அவருக்கு எண்பது வயது. இன்றும் ஊரைக் கேட்டால் பழைய மாவட்டப் பெயரில் வடாற்காடு என்றுதான் சொல்வார். பேத்தியின் தலையில் கை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே தம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குலத்தொழில் பழகட்டும் என்று கொண்டுவந்த திட்டம் அவர் சிறுவனாக இருந்தபோது நடைமுறையில் இருந்தது. "காலைல சிலேட்டு, மத்தியானம் தறிக்கு நூல் தார் சுத்தறது. எங்க நைனாவுக்கு ரொம்ப வசதியாப் போச்சு" என்றார். 1954இல் முதலமைச்சரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அவர் சட்டமன்றத்துக்குப் போக இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி எங்கள் குடியாத்தம்தான். இந்த ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். நைனாவுக்கும் நிமிர்ந்தது. "முழு நேரம் பள்ளிக்கூடம் திறந்தாங்க. ஆனா நான் அஞ்சாவதோட நின்னுட்டேன். தறி விடல" என்று முடித்துக்கொண்டார்.

அப்போதுதான் பெண் எழுந்து போய், அம்மாவின் மதிப்பெண் பட்டியலையும் அந்த விண்ணப்பத்தையும் கொண்டுவந்து ஒன்பதாவது தட்டில் புடவைமேல் வைத்தாள். அவள் அப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை எடுத்தார். ஐந்தாம் வகுப்புப் படித்தவர் படிக்கும் வேகத்தில், ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் கீழே வந்தவர், கையொப்பம் போடாத இடத்தில் வந்து நின்றார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை இதுவரை திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் தங்கையும் நானும் மட்டும் இருந்தோம். இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லாததை அன்று சொன்னேன்: அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை, தப்பு என்னுடையது. பரவாயில்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "ஆமாண்ணா, நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீ பேசுவேன்னு நான் ரெண்டு நாள் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு அண்டாவின் அடியில் பிடித்திருந்த சோற்றைச் சுரண்டி, எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும் என்பதால், ஒரு தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாலையில் உறவினர் கிளம்பத் தொடங்கினார்கள். நான் சீர்த்தட்டுகளைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆரணிப் பெரியம்மா வந்து நின்றார். அவருடைய பேத்தி அந்த ஆண்டு பிளஸ் டூ போகவிருந்தாள். "தட்டையெல்லாம் நீ எதுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போற? இங்கிருந்து நான் பஸ்ஸுல கொண்டுபோயிடறேன். அடுத்த மே மாசம் அவ மாமன்கிட்ட கொடுக்கணும்" என்றார். ஒன்பதையும் எண்ணி அவர் பையில் வைத்துக் கட்டி, பேருந்து நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.