அடியைத் தேடி மேலே ஏறிய சிவராத்திரி

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மாசி மாதத்துச் சிவராத்திரியை நாங்கள் கொழும்பு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலேயே கழித்து வந்திருக்கிறோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய அந்த மண்டபத்தில் நான்கு யாமப் பூசையும் காண விழித்திருக்கும்போது, அன்னமாகிப் பறந்த பிரமனும் பன்றியாகி நிலத்தை அகழ்ந்த திருமாலும் இறைவனுடைய முடியையும் அடியையும் காணாது திகைத்து நின்ற கதையை யாராவது ஒரு பெரியவர் சொல்வார். இந்த ஆண்டு தை பிறந்ததுமே என் பெரியப்பா, "கதை கேட்டது போதும் பிள்ளை, இந்த முறை அடியைப் பார்த்திட்டு வருவம்" என்றார்.

உச்சிப் பாறையில் இறைவனின் பாதம் இருப்பதாக நாங்கள் நம்பும் சிவனொளிபாதமலைக்குப் பெரியப்பா 27 முறை ஏறியவர். மலைக்குப் போகும் குழுவை நடத்திச் செல்லும் மூத்தவரைச் சிங்கள அடியார்கள் 'நடே குரா' என்று அழைப்பார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் புறப்பட்ட எங்கள் 11 பேருக்கும் அவரே நடே குரா. கொழும்பிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் அட்டன் வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய், ஓர் இரவில் ஏறி மறுநாளே வீடு திரும்பிவிடுவார்கள். பெரியப்பாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக மெல்ல ஏறி, சிவராத்திரி இரவில் உச்சியை அடைந்து, மறுநாள் நல்லதண்ணிப் பக்கம் இறங்குவது என்று நான்கு நாட் பயணமாக வகுத்தார். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்தின் நடுவில் சிவராத்திரி வருவதால், வழியில் மடங்களும் தேநீர்க் கடைகளும் திறந்திருக்கும் என்பதும் எங்களுக்கு வசதியாயிற்று.

முதல் நாள் விடியற்காலையில் கொச்சிக்கடையில் திருநீறு வாங்கிக்கொண்டு, புறக்கோட்டையில் பஸ் ஏறினோம். சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இரத்தினபுரியில் இறங்கிச் சமன் தேவாலயத்தில் விளக்கேற்றினோம். மலைக்குக் காவலான தெய்வத்திடம் சொல்லிக்கொள்ளாமல் மலையில் கால் வைக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் முதல் விதி. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு சிங்களக் குடும்பத்தின் பாட்டி, வெள்ளைத் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து பேத்தியின் கையில் நேர்ச்சையாகக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அம்மா மஞ்சள் துணியில் செய்வதும் இதுவேதான். அன்றிரவு பலாபத்தலையில் ஒரு மடத்தில் படுத்தோம்.

இரண்டாம் நாளில்தான் மலை எங்களைச் சோதிக்கத் தொடங்கியது. நல்லதண்ணிப் பக்கத்தில் பெரும்பாலும் படிகளும் இரவெல்லாம் விளக்குகளும் உண்டு, ஆட்களும் மிகுதி. பலாபத்தலைப் பாதையோ நீளமானது, அடர்ந்த காட்டுக்குள் ஈரக் கற்களின் மேல் போவது. கால்களில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசியிருந்தும் அட்டைகள் ஏறின. முற்பகலிலேயே என் மூச்சு முட்ட, "இன்னும் எவ்வளவு தூரம், பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலே "அரோகரா" என்றார். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டேன். மீண்டும் அதுவே விடையாக வந்தது. மூன்றாம் முறை கேட்டபோதுதான் நின்று, "தூரம் கேளாதை பிள்ளை, காலடியைப் பார்த்து நட. இந்த மலையிலை களைப்பையும் தூரத்தையும் வாயாலை சொல்லக் கூடாது" என்று விளக்கினார். இது பெரியவர்கள் பிள்ளைகளை அடக்கச் சொல்லும் பேச்சு என்றே அப்போது எண்ணினேன். ஆனால் கேட்பதை நிறுத்திய பின்னர்தான் நீரோசையையும், எங்களோடு வந்த சின்னம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்த பதிகத்தையும் என் காது வாங்கியது.

நீலிஹெல என்னும் செங்குத்துப் பள்ளத்தருகே சிங்கள அடியார்கள் நின்று, அங்கே விழுந்து இறந்ததாகச் சொல்லப்படும் நீலி என்ற பெண்ணை "அக்கே" என்று கூவி அழைக்கிறார்கள். பள்ளம் அதே குரலைத் திருப்பித் தருகிறது. சின்னம்மா அவளுக்காகவும் ஒரு கற்பூரம் ஏற்றினார். அன்றிரவு வழியிலிருந்த மடத்தில் கொத்தமல்லித் தண்ணீர் குடித்து, முழங்கால்களில் சித்தாலேப தேய்த்துக்கொண்டு உறங்கினோம்.

மூன்றாம் நாள் நண்பகலில் ஹெரமிட்டிபான என்னும் இடத்தை அடைந்தோம். ஹெரமிட்டி என்றால் சிங்களத்தில் ஊன்றுகோல். சிவராத்திரி நோன்பாதலால் அன்று எவரும் உணவு கொள்ளவில்லை. இருட்டும்வரை அங்கே இளைப்பாறியபோது, பழைய யாத்திரைகளைப் பற்றிப் பெரியப்பா சொன்ன ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. 1344 ஆம் ஆண்டளவில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்று கேட்டபோது, மன்னன் அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் இம்மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளும், மூன்று அந்தணர்களும், தன் பரிவாரத்தில் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினானாம். தன் சமயத்தவர் அல்லாத ஒருவர் தன் இறைவனின் அடி என்று தான் நம்பும் இடத்தை வேறொரு பெயரால் வணங்கப் போகிறார் என்று அறிந்தும், ஒரு தமிழ் மன்னன் அவருக்கு வழித்துணை தந்திருக்கிறான். பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதமாகவும், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதமாகவும், எங்களுக்குச் சிவனின் பாதமாகவும் இருக்கும் இந்த மலையைப் பற்றி இன்று எவராவது உரிமை பேசுவதைக் கேட்டால், அந்த நான்கு யோகிகளையே நான் நினைத்துக்கொள்கிறேன்.

இரவானதும் கடைசி ஏற்றமான மகாகிரிதம்பையில் கால் வைத்தோம். இபின் பதூதா இம்மலையில் பற்றி ஏறும் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று நாங்கள் இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டோம். அது உள்ளங்கையில் பனிக்கட்டியாகச் சுட்டது. நிலவில்லாத இரவு. பெரியப்பா பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, பின்னால் வருபவர்களை ஒவ்வொருவராக எண்ணி, கடைசி ஆளின் "அரோகரா" கேட்ட பின்பே அடுத்த படியில் கால் வைத்தார். எங்களைக் கடந்து இறங்கிய சிங்கள இளைஞர்கள் "கருணாவயி" என்று வாழ்த்தினார்கள். நாங்களும் அதையே திருப்பிச் சொன்னோம்.

நள்ளிரவுக்குச் சற்று முன், இறைவன் ஒளித்தூணாகத் தோன்றிய இலிங்கோற்பவ காலத்தில், 2,243 மீற்றர் உயரத்திலுள்ள அந்தச் சிறிய உச்சியை அடைந்தோம். பாறையிலிருக்கும் பாதத்தை ஒரு சிறு மாடம் மூடியிருக்கிறது; குனிந்து, நெற்றி நிலத்தில் படத்தான் வணங்க முடியும். சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் சைவனாகி, 16 ஆம் நூற்றாண்டில் இம்மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் விட்டிருந்தான். அவர்கள் ஓதிய இடத்தில், பௌத்த அடியார்களின் வழிபாட்டுக்கு இடையூறு வராதபடி ஒரு மூலையில் ஒதுங்கி, தாழ்ந்த குரலில் நாங்கள் பதிகம் ஓதினோம். நான் எழுந்து நின்றபோது கொச்சிக்கடை மண்டபத்துக் கதை வேறு விதமாக விளங்கியது. அடியைத் தேடியவர் கீழே அகழ்ந்து போனார். எங்களுக்கோ அந்த அடி, ஏறி ஏறி இனி ஏற இடமில்லை என்ற உச்சியில் கிடைத்திருக்கிறது. அடி இங்கே என்றால் முடி எங்கே என்று எண்ணி அண்ணாந்து பார்த்தேன். விண்மீன்கள் மட்டுமே இருந்தன. அந்தக் குளிரில் என் உடல் நடுங்கியது குளிரால் மட்டும் அன்று.

ஏறிய முறைக்கு ஒன்றாக மணி அடிப்பது அங்கே வழக்கம். நான் ஒரு முறை அடித்தேன். பெரியப்பா 28 முறை அடித்தார். இருபதைத் தாண்டிய பின் அவர் கை தளர்ந்தபோதும் கயிற்றை எவரிடமும் கொடுக்கவில்லை.

விடியலுக்கு முன் கிழக்கே தேய்பிறையின் கடைசிக் கீற்று தோன்றியது. இறைவன் சூடிய பிறை என்று சின்னம்மா கைகூப்பினார். பின்னர் கதிரவன் எழ, மேற்கே மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மூடுபனியின் மேல் விழுந்தது. மாசியில் அது ஏறத்தாழக் கொழும்பு இருக்கும் திசையிலேயே நீளுகிறது. நாங்கள் புறப்பட்டு வந்த கோயில் அந்த நிழலின் நுனிக்கும் அப்பால், கடலோரத்தில் எங்கோ இருந்தது.

நல்லதண்ணிப் பக்கம் இறங்கியது முழங்காலுக்கு ஏறியதைவிடக் கடினமாக இருந்தது. கெத்தம்பானவில் படியோரமெங்கும் அடியார்கள் இழுத்துச் சென்ற வெள்ளை நூல்கள் காற்றில் ஆடின. சீதகங்குலையில் முகம் கழுவினோம். மலையின் இந்தப் பக்கத்து நீர் மஸ்கெலியா ஓயாவில் சேர்ந்து, களனி கங்கையாகி, கொழும்புக் குழாய்களுக்கும் வருகிறது என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மஸ்கெலியாத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு மூச்சு வாங்க என் அருகில் நின்று, "இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு அந்தத் தூரம் இப்போது படிக்குப் படி தெரியும். கைப்பிடியோரத்தை அவருக்கு விட்டு விலகி நின்று, "அரோகரா சொல்லிக்கொண்டு ஏறுங்கோ, அக்கா" என்றேன்.