மகப்பேறு உதவித்தொகையும் எங்கள் குழுப் பேரேடும்: ஒரு நாட்குறிப்பு

2025 ஜனவரி 22

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் மகப்பேற்றுச் செலவுக்காகக் கடன் கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். “முத்துலட்சுமி பணம் வந்ததும் கட்டிவிடுகிறேன்” என்பதுதான் அவர்கள் தரும் உறுதி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பணம் கருவுற்ற பெண் நன்றாகச் சாப்பிடுவதற்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியை ஈடுகட்டுவதற்கும் தரப்படுவது. ஆனால் நான் எழுதும் பேரேட்டில் அது பெரும்பாலும் பழைய கடனை அடைத்த வரவாகவே பதிவாகிறது. இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை ஒரு பெண்ணின் கணக்கைத் தொடர்ந்து பார்த்தாவது எழுதிவைக்கலாம் என்று தொடங்குகிறேன்.

பக்கத்து வீட்டு மருமகளுக்கு இது மூன்றாம் மாதம், முதல் கர்ப்பம். பன்னிரண்டு வாரம் முடிவதற்குள் பதிய வேண்டும் என்பதால் நர்சம்மா இன்று வீட்டுக்கே வந்து ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பார்த்துப் பதிவு செய்தார். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண்தான் இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

2025 பிப்ரவரி 11

திட்டத்தின் பழைய வரலாற்றைப் பற்றிக் குழுவில் பேச்சு வந்தது. முத்துலட்சுமி ரெட்டி எங்கள் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தவர். 1927இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குச் சென்ற மருத்துவர். அவர் பெயரில் 1987இல் சிறு தொகையோடு தொடங்கிய உதவி, 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இந்த 18,000இல் கையில் கிடைக்கும் பணம் 14,000தான். எஞ்சிய 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பு.

தொகையை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தவணை. 2018 ஏற்பாட்டில் பணம் ஐந்து தவணையாகப் பிரிந்திருந்தது; பதிவுக்கு 2,000, நான்காம் மாதத்துக்குப் பின் 2,000, அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனதும் 4,000, மீதி தடுப்பூசிகளுக்குப் பின். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பதிவும் ஒரு ஒப்புதலும் வேண்டியிருந்ததால், எங்காவது ஒன்று சிக்கிக்கொண்டால் அடுத்ததும் நின்றது. 2024 ஏப்ரலிலிருந்து அது மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்து நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. முதல் தவணையைப் பெரிதாக்கி முன்னால் கொண்டுவந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். முதல் குழந்தைக்கு ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் தரும் 5,000 ரூபாயும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதைத் தனியாக எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர்.

2025 மார்ச் 18

பக்கத்து வீட்டு மருமகளுக்கு முதல் பெட்டகம் கைக்கு வந்துவிட்டது. சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் இருந்தன. பணம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குச் சற்று மேல் இருக்கிறது. பதினொன்றுக்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை என்பது கணக்கு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை இருந்ததாகக் கண்டார்கள். அதே ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 99 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகச் செய்வதில் இந்த மாநிலம் வென்றுவிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் இன்னும் வெல்லவில்லை.

அவளுடைய மாமியார் வந்து முட்டை, கீரை, ஸ்கேன் செலவு, பேருந்துக் கட்டணம் என்று கணக்குச் சொல்லி 5,000 ரூபாய் கடன் கேட்டார். கொடுத்தோம்.

2025 ஏப்ரல் 4

நூறு நாள் வேலையின் நாட்கூலி இம்மாதம் முதல் 319 ரூபாயிலிருந்து 336 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. (அது முழுதாகக் கைக்கு வருவது அரிது என்பது வேறு கதை.) அந்தக் கூலியை வைத்து உதவித்தொகையை அளந்து பார்க்கத் தோன்றியது. 2006இல் கூலி 80 ரூபாய், உதவி 6,000. அது 75 நாள் கூலி. 2011இல் கூலி 119, உதவி 12,000. அதாவது முழுதாக 100 நாள் கூலி. 2018இல் கூலி 224, கைக்கு வரும் பணம் 14,000, 62 நாள். இன்று அதே 14,000 ரூபாய் 42 நாள் கூலிக்குக்கூட ஈடாகவில்லை. பெட்டகங்களின் மதிப்பைச் சேர்த்தாலும் 54 நாளைத் தாண்டாது. தொகை ஏறியதாக அறிவிப்புகள் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, அது ஈடுகட்ட வேண்டிய நாட்கள் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டன. கூலி ஆண்டுதோறும் மாறும்போது இந்தத் தொகை மட்டும் ஏழு ஆண்டுகளாக ஏன் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. இதையும் கூலியோடு பிணைத்துவிட்டால் தேர்தலுக்குத் தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு மகப்பேறு விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்ட பின், அந்தச் சட்டத்துக்குள் வரும் தனியார் நிறுவனப் பெண்ணுக்கு 26 வாரம். இவையெல்லாம் வேண்டியவைதான், ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை. களையெடுக்கும் பெண்ணின் உடலும் பிரசவத்துக்குப் பின் தேற அதே காலத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

2025 மே 9

குழுக் கூட்டத்தில் மேலத்தெருப் பெண் ஒருவர் கடன் கேட்டார். மூன்றாவது கர்ப்பம், முதல் இரண்டு பிரசவங்களுக்கே உதவி என்பது விதி என்பதால் அவருக்கு ஒன்றும் கிடையாது. பத்தொன்பது வயது நிறையாதவர்களுக்கும் கிடையாது. இளவயதுத் திருமணத்தையும் அதிகக் குழந்தைகளையும் ஊக்குவிக்கக் கூடாது என்பதே இவ்விதிகளின் நோக்கமாக இருக்க வேண்டும். ஆனால் உதவி மறுக்கப்படும் நேரத்தில் கரு ஏற்கெனவே உருவாகிவிட்டது. பதினெட்டு வயதில் கருவுற்றவளும், மூன்றாவது முறை சுமப்பவளும்தான் மற்றவர்களைவிடச் சோகையோடு நர்சம்மாவின் பட்டியலில் நிற்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு வேலையில் இல்லாத கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றுதான் சொல்கிறது. ஒன்றிய அரசின் திட்டமோ முதல் குழந்தைக்கும், பெண்ணாகப் பிறந்தால் மட்டும் இரண்டாவதற்கும் என்று அதைச் சுருக்கிக்கொண்டது. நம் மாநிலம் இரண்டாவது குழந்தையை ஆணா பெண்ணா என்று பார்க்காமல் சேர்த்துக்கொண்டிருப்பது நல்லதே. அதற்கு மேல் அதுவும் போகவில்லை.

2025 ஜூன் 14

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். நர்சம்மாவிடம் கேட்டால், கணினியில் பணம் அனுப்பப்பட்டதாகவே காட்டுகிறது என்கிறார். வங்கிப் புத்தகத்தில் வரவு இல்லை. ஊரில் இப்படிப்பட்ட பேச்சு எழுந்தால் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வரும். பாவம் நர்சம்மா, அவர் மீதே அது விழும்.

இன்று அவளோடு வங்கிக்குப் போனதில் காரணம் தெரிந்தது. இத்தகைய பணம் நாம் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய்ச் சேர்கிறது. அவள் கல்லூரியில் படித்தபோது புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்காக வேறோர் ஊரில் தொடங்கிய கணக்கு ஒன்று இருந்தது. ஆதார் அதில்தான் இணைந்திருக்கிறது. கல்லூரி முடிந்ததும் அந்த ஏடிஎம் அட்டை எங்கோ போய்விட்டது. கைப்பேசி எண்ணும் மாறிவிட்டதால் குறுஞ்செய்தி வரவில்லை. ஆறாயிரம் ரூபாய் மே மாத நடுவிலிருந்து அங்கே கிடக்கிறது. பதிவின்போதே “உன் ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறது?” என்று பார்த்துச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. ஆதார் இணையதளத்தில் அதைப் பார்க்கச் சில நிமிடம் போதும். இனி எங்கள் குழுவில் கருவுற்ற எல்லாருக்கும் அதை முதல் வேலையாகச் செய்துவிடப்போகிறேன்.

2025 ஜூன் 27

பணத்தை எடுத்துவந்தார்கள். நான்காம் மாதத்தில் வர வேண்டியது ஐந்து, ஆறாம் மாதத்தில் வந்து, ஏழாம் மாதத்தின் இறுதியில் கைக்குக் கிடைத்திருக்கிறது. 5,000 ரூபாயும் வட்டியும் கடனுக்குப் போனது. மிச்சம் சில நூறு. ஜனவரியில் நான் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

2025 ஆகஸ்ட் 19

பெண் குழந்தை, சுகப்பிரசவம், இரண்டே முக்கால் கிலோ. அரசு மருத்துவமனை என்பதால் பிரசவத்துக்குச் செலவில்லை. ஜனனி சுரக்ஷா திட்டத்தில் ஊரகப் பெண்ணுக்குரிய 700 ரூபாய் வரும் என்றார்கள். 2005இல் அத்திட்டம் தொடங்கியபோது வைத்த தொகை அது.

விடையின் மறுபாதி இப்போது கண்முன் நிற்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்கும் குழந்தையின் நான்காம் மாதத்துக்கும் இடையே, ஏறத்தாழ ஒன்பது மாதம், இத்திட்டத்தில் பணத் தவணையே இல்லை. பெண் வேலையை விடுவதும் பிரசவமும் பால் கொடுக்கத் தொடங்குவதும் இந்த ஒன்பது மாதத்துக்குள்தான் அடங்குகின்றன. 2011 ஏற்பாட்டில் மூன்று 4,000களில் ஒன்று ஏழாம் மாதத்திலும் ஒன்று பிரசவத்துக்குப் பின்னும் இருந்தது. தவணைகளைக் குறைத்தபோது சிக்கலும் குறைந்தது. ஆனால் பிரசவத்தையொட்டிய தவணையும் போய்விட்டது. அந்த இடைவெளியைக் குழுக் கடன் நிரப்புகிறது. அதனால்தான் பணம் வரும்போது கடனும் கூடவே காத்திருக்கிறது.

2025 அக்டோபர் 8

தாய்வீட்டில் இருக்கிறாள். ஆறாம் வாரத் தடுப்பூசி அங்கே போட்டாகிவிட்டது. பத்தாம், பதினான்காம் வார ஊசிகளும் அங்கேதான். அவை இதே பிக்மி எண்ணில் பதிவாகின்றனவா என்று அந்த ஊர் நர்சம்மாவிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மேலத்தெருப் பெண்ணுக்குக் குறைப்பிரசவம். குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

2025 டிசம்பர் 12

இரண்டாம் தவணை வந்துவிட்டது, இம்முறை சரியான கணக்குக்கே. பிரசவத்துக்கு முன் மீண்டும் வாங்கிய கடனில் பெரும்பகுதி அடைந்தது. எஞ்சியது அடுத்த ஆண்டு மே மாதத்தில், ஒன்பதாம் மாத ஊசிக்குப் பின் வரும் 2,000 ரூபாயைப் பார்த்துக் காத்திருக்கும்.

இன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம். ஏழாம் மாதம் தொடங்கிய உறுப்பினர் எவருக்கும் 6,000 ரூபாய் வரை வட்டியில்லாமல் தரலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை திருப்பிக் கேட்பதில்லை. அரசு செய்ய வேண்டியதை நம் சேமிப்பு ஏன் சுமக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஏழாம் மாதத் தவணையை மீண்டும் தர வேண்டும் என்று ஒரு மனுவும் எழுதுவதென்று அவர் பெயரிலேயே பதிவு செய்தோம். முத்துலட்சுமி பணம் வராதவர்கள் எப்படித் திருப்பிக் கட்டுவார்கள் என்று பொருளாளர் கேட்டதற்கு, மாதம் 300 வீதம் கட்டலாம் என்று முடிவாயிற்று. விண்ணப்பத் தாளில் எத்தனையாவது பிரசவம் என்ற வரி வேண்டாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.